பதினெட்டாவது கம்பம்

கணக்குப் பாடநூல் பயிற்சி வினாத் தர மதிப்பீட்டு ஆணையத்தின் மூன்றாவது மாடியில், மதிப்பீட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு பலகை மாட்டியிருந்தது. மற்ற அலுவலகங்களில் அந்த இடத்தில் ‘புகை பிடிக்காதீர்’ என்று இருக்கும். இங்கே, ‘உள்ளே கணக்குப் போடக் கூடாது’ என்று இருந்தது.

வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். இருபத்தெட்டு வருடமாக ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனிதர். கணக்குப் போடாதே என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. அவருடைய வகுப்புப் பிள்ளைகள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

“பென்சில் இருக்கா சார்?” என்றார் வாசலில் நின்ற காவலாளி.

“இருக்கே.”

“குடுங்க. பேனாவையும் குடுங்க. எழுதாத காகிதம் ஏதாவது?”

வாத்தியார் சட்டைப்பையைத் துழாவி ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். காவலாளி அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க சார். போன தடவை வந்த ஒருத்தர் இந்த மாதிரி டிக்கெட்ல வகுத்தல் போட்டுட்டார். அரை வருஷம் விசாரணை நடந்துச்சு.”

“பேனா இல்லாம மார்க் எப்படிப் போடறது?”

“முத்திரை குடுப்பாங்க. ஓங்கிக் குத்துங்க, அது போதும்.”

வாத்தியார் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு விளக்குக் கம்பம்.

போன வருடம் அவர் குடியிருக்கும் தெருவில் புதுக் கம்பங்கள் நட்டார்கள். காலையில் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தவர் சத்தம் கேட்டு நின்றார். கம்பம் நடுகிற மேஸ்திரி தன் ஆட்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இருபது இடைவெளின்னா இருபது கம்பத்தை இறக்கிடுவீங்களா? ஆரம்பத்துல ஒண்ணு நிக்க வேண்டாமா? அதுக்கு யாரு நிப்பா, உங்க மாமனாரா?”

ஆட்கள் சிரித்தார்கள். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகம், ஒன்பதாவது பயிற்சி, ஏழாவது கணக்கு. அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம்.

‘நேரான ஒரு தெருவின் நீளம் 85 மீட்டர். தெரு நெடுகிலும் 5 மீட்டருக்கு ஒன்றாக விளக்குக் கம்பங்கள் உள்ளன. தெருவின் இரண்டு முனைகளிலும் கம்பம் உண்டு. மொத்தம் எத்தனை கம்பங்கள்?’

புத்தகத்தின் பின்னால் விடை பதினேழு என்று இருக்கும். எண்பத்தைந்தை ஐந்தால் வகுத்தால் பதினேழு வரும். ஆனால் அது இடைவெளியின் எண்ணிக்கை. முதலில் நிற்கிற கம்பத்தையும் சேர்த்தால் பதினெட்டு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், மேஸ்திரிக்கு இருக்கிற மூளை போதும். வாத்தியார் இருபத்தேழு வருடமாகப் பதினேழு என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சரி போட்டார், பதினெட்டு என்று எழுதிய பிள்ளைகளுக்குத் தப்பு போட்டார். அந்தப் பிள்ளைகளில் யாரும் புகார் செய்யவில்லை. பதினொரு வயதில் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

ஒரே ஒரு பிள்ளை புகார் செய்தது. அது அவருடைய மகள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். “அப்பா, எனக்குப் பதினெட்டு வருதுப்பா. நாலு தடவை போட்டுட்டேன்.” பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தெரு வரைந்து, அதில் குச்சி குச்சியாகக் கம்பங்கள் நிறுத்தியிருந்தாள். வாத்தியாருக்கு முன்னால் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மலைபோல் கிடந்தன. அவர் தலையைத் தூக்கவில்லை. “எண்பத்தஞ்சை அஞ்சால வகுத்தா பதினேழு. புத்தகம் தப்பாவா போடும்? போய் ஒழுங்கா போடும்மா.”

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதனால் அவருக்கு அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாளாகத் தெரியவில்லை.

அந்த வருடத்திலிருந்துதான் அவள் “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாகச் சொன்னாள். பிறகு பழக்கமாகச் சொன்னாள். கடைசியில் ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள். அதற்குமேல் கணக்கு இல்லாத படிப்பு எதுவோ அதைப் படித்தாள். இப்போது ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற கடையில் வேலை. கணக்கு வாத்தியார் மகளுக்குக் கணக்கு வராதாமே என்று சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் சிரிப்பார்கள். வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

பாலை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வாத்தியார் பரணில் ஏறினார். பழைய புத்தகம் கிடைத்தது. பென்சில் கோடு மங்கியிருந்தாலும் தெரு அழியவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு குச்சியாக எண்ணினார். பதினெட்டு. மகள் வரைந்து பதின்மூன்று வருடம் கழித்து அப்பா எண்ணிப் பார்க்கிறார். ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, கீழ இறங்குங்க. பால் கெட்டுப் போகுது” என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அவள், “இதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? சாயங்காலம் வருவா. நேரா சொல்லிடுங்க” என்றாள்.

“வாயால சொன்னா சமாதானம் சொல்ற மாதிரி இருக்கும். புத்தகத்துல திருத்தி வரணும். அச்சுல பதினெட்டுன்னு வரணும். அதைக் கொண்டுபோய் அவ கையில குடுக்கணும்.”

“அவ உங்க பொண்ணுங்க. ஆணையம் இல்ல.”

மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வாத்தியாருக்கு அச்சில் வந்ததுதான் உண்மை. அந்த நம்பிக்கைதான் பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் காலை வாரியது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அன்றைக்கே ஆணையத்துக்கு மனு எழுதினார்.

முதல் மனுவுக்கு, ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கு ஒரு படிவம் வந்தது. ‘வினா தங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி அளித்தது?’ என்று கேட்டு நான்கு கட்டங்கள். ‘மிகுந்த மகிழ்ச்சி’, ‘மகிழ்ச்சி’, ‘போதுமான மகிழ்ச்சி’, ‘மகிழ்ச்சி பின்னர் ஏற்படும்’. விடை தப்பு என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினார். ஓரத்தில் எழுதியதால் படிவம் செல்லாது என்று திரும்பி வந்தது. மூன்றாவது மனுவுக்குப் பதிலாக நியமன ஆணை வந்தது. ஒரே வினாவைப் பற்றி மூன்று தடவை எழுதுகிறவர் நிபுணர் என்பது விதி. நிபுணரை உறுப்பினராக்கிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. உறுப்பினர் மனு கொடுக்கக் கூடாது என்பது மூன்றாவது விதி.

கூடத்தில் நீள மேஜை. தலைப்பக்கத்தில் தலைவர். அவருக்கு வலது பக்கம் குழந்தை மனநல ஆலோசகர் அம்மாள், இடது பக்கம் புத்தகத்துக்குப் படம் போடுகிற ஓவியர். ஓவியருக்குப் பக்கத்து நாற்காலி வாத்தியாருக்கு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி.

“புதுசா வந்திருக்கீங்க, அதனால சொல்றேன்” என்று தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இங்க கணக்கோட தரத்தைத்தான் பாக்கறோம், கணக்கைப் பாக்கறதில்ல. ஒரு கணக்கைப் போட்டுப் பாத்துட்டா என்ன ஆகும்? விடை வந்தா அது மேல பாசம் வந்துடும். வரலேன்னா கோபம் வந்துடும். ரெண்டுமே நடுநிலைக்கு ஆகாது. நான் இந்த நாற்காலிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு கூட்டல் போட்டிருப்பேனா? என் கை சுத்தம் சார்.”

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வாத்தியாரும் தட்டினார். என்ன செய்வது, தட்டாவிட்டால் முதல் நாளே முறைப்பார்கள்.

முதலில் தொட்டிக் கணக்கு வந்தது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும். தொட்டி எவ்வளவு நேரத்தில் நிறையும்?

“இதைப் படிக்கிற குழந்தை என்ன கத்துக்கும்?” என்றார் ஆலோசகர் அம்மாள். “தண்ணியை ஒரு பக்கம் விட்டு இன்னொரு பக்கம் வீணாக்கலாம்னு கத்துக்கும். ரெண்டாவது குழாயை மூடிடலாம்.” மூடினார்கள். “முதல் குழாயால தொட்டி நிரம்பி வழிஞ்சா?” என்று ஓவியர் கேட்டார். அதையும் மூடினார்கள். ‘ஒரு தொட்டி நிறைந்திருக்கிறது. அது எவ்வளவு நேரத்தில் நிறையும்?’ என்று கணக்கு திருந்தியது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியது.

அடுத்து இரண்டு ரயில்கள் எதிரெதிராக வந்தன. குழந்தைகள் விபத்தை நினைத்துப் பயப்படும் என்று ஒரு ரயிலை மறுநாள் கிளம்பச் சொன்னார்கள். அதற்கடுத்து ஓர் அப்பாவின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்காக இருந்தது. மூன்று மடங்கு என்பது ஆதிக்கத்தைக் காட்டுகிறது, சமமாக இருக்கட்டும் என்றார் ஆலோசகர் அம்மாள்.

“அப்பாவும் பிள்ளையும் ஒரே வயசாங்க?” என்று வாத்தியார் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

“மனசளவுல” என்றார் அம்மாள்.

எல்லோரும் முத்திரை குத்தினார்கள். இப்படியே எட்டு நாள் போயிற்று. வாத்தியாருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு குத்தினார். அவருக்கு வேண்டியது ஒரே கணக்கு. அது வருகிறவரை யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று மனதைக் கட்டிப் போட்டிருந்தார். வீட்டில் மகள், “என்னப்பா, புத்தக ஆபீஸ்ல என்ன பண்றீங்க?” என்று கேட்டபோது, “புத்தகம் வரட்டும், காட்டறேன்” என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ஏழாவது கணக்கு வந்தது.

தலைவர் வாசித்து முடித்தார். ஆலோசகர் அம்மாள், கம்பங்கள் ஐந்து மீட்டர் தள்ளித் தள்ளி நிற்பது குழந்தைக்குத் தனிமை உணர்வைத் தரலாம் என்றார். ஓவியர், கம்பத்தின்மேல் குருவி உட்கார வைக்கலாம் என்றார். வாத்தியார் எழுந்து நின்றார்.

“இதுக்கு விடை பதினெட்டுங்க. பின்னாடி பதினேழுன்னு போட்டிருக்கு. தப்பு.”

ஓவியர் தன் நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொண்டார்.

“நீங்க கணக்குப் போட்டீங்களா?” என்றார் தலைவர் மெதுவாக.

“போட்டேங்க.”

“எங்க போட்டீங்க? இந்தக் கூடத்துலயா?”

“என் வீட்டுப் பரண்ல. வருஷம் ஒண்ணாச்சு.”

தலைவர் மூச்சு விட்டார். “நல்லவேளை. பரண் நம்ம எல்லைக்குள்ள வராது. ஆனா ஒண்ணு சார். விடையைப் பத்திப் பேசற அதிகாரம் எங்களுக்கு இல்ல. அது நாலாவது மாடி.”

நான்காவது மாடியில் விடைக் காப்பகம் இருந்தது. ஓர் இரும்பு அலமாரி, அதற்கு இரண்டு பூட்டு, அதற்கு முன்னால் விடைக் காப்பாளர். காப்பாளர் நல்ல மனிதர், வாத்தியாரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“ஒன்பதாவது பயிற்சி ஏழாவது விடைதானே? பதினேழு. அருமையான விடை சார். எனக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட இருந்து வாங்கினேன், ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன்.”

“கேள்வியைப் பாத்தீங்கன்னா அது தப்புன்னு தெரியும்ங்க.”

காப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். “கேள்வியைச் சொல்லிடாதீங்க! கேள்வி தெரிஞ்சவங்க இந்த அறையில இருக்கக் கூடாது. விடை கசிஞ்சிடும்.”

“சரி, விடையை மாத்தணும்னா என்ன பண்ணணும்?”

“விடைத் திருத்தக் குழு கூடணும். அஞ்சு பேர். மூணு பேர் ஓய்வு வாங்கிட்டாங்க, ஒருத்தர் காலமாயிட்டார். மிச்சம் இருக்கிறது நான். நான் தனியா உக்காந்தா கூட்டம் ஆகாது. போன மாசம் உக்காந்து பாத்தேன், ஆகல.”

வாத்தியார் மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்தார். தலைவரிடம் கெஞ்சினார். பிழை இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் தலைவர். மறுநாள் வாத்தியார் மகளுடைய பழைய புத்தகத்தைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பென்சில் கம்பங்களைக் காட்டினார். தலைவர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஏனென்றால் எண்ணினால் கணக்குப் போட்டதாகிவிடும். ஆனால் புத்தகத்தை வாங்கி, மூலையில் துளை போட்டு, ‘இணைப்பு ஒன்று’ என்று முத்திரை குத்திக் கோப்பில் கட்டினார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று வாத்தியாருக்குத் தோன்றவில்லை. அப்படியெல்லாம் தோன்றுகிற ஆளாக இருந்தால் மூன்று மனு எழுதியிருக்க மாட்டார்.

பத்து நாள் கழித்துச் சிறப்புக் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து பேசினார். “நம்ம உறுப்பினர் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கார். பிழைன்னு சொல்ல மாட்டேன், இந்த ஆணையத்துல பிழை நடந்ததில்ல. கேள்விக்கும் விடைக்கும் நடுவுல சின்ன மனஸ்தாபம். யாராவது ஒருத்தர் விட்டுக்குடுக்கணும். விடையை மாத்த ஆள் இல்ல. கேள்வியை மாத்த நாம இத்தனை பேர் இருக்கோம்.”

“கேள்வி சரியாத்தானே இருக்கு!” என்றார் வாத்தியார்.

“சரியா இருக்கிறவங்கதான் சார் விட்டுக்குடுக்கணும்.” தலைவர் ஓவியரைப் பார்த்தார். “தெருவை வளைக்க முடியுமா?”

“அரை மணி நேரம் குடுங்க” என்றார் ஓவியர்.

தெரு வளைந்தது. ‘வட்டமான ஒரு தெருவின் சுற்றளவு 85 மீட்டர்’ என்று கணக்கு மாறியது. தெரு வட்டமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டால் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. முதல் கம்பமும் கடைசிக் கம்பமும் ஒன்றுதான். பதினேழு இடைவெளி, பதினேழு கம்பம். விடை சரியாகிவிட்டது. இன்னும் சொல்லப்போனால் எப்போதுமே சரியாகத்தான் இருந்தது என்று ஆகிவிட்டது.

“அந்தத் தெருவுல யாருங்க குடியிருப்பாங்க? எங்கேயும் போகாத தெரு” என்றார் வாத்தியார்.

“அது சமூக அறிவியல் பாடத்துல வரும்” என்றார் தலைவர்.

வாத்தியார் முத்திரை குத்த மறுத்துவிட்டார். ஏகமனதாக இருந்தால்தான் புத்தகம் அச்சுக்குப் போகும். ஒரு வாரம் தினமும் வந்து உட்கார்ந்தார், முத்திரையைத் தொடவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பேசினார். நேர்த்தெருவையும் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டுங்கள் என்றார். கடைசியில் தன் மகளைப் பற்றியே சொல்லிவிட்டார். பதினொரு வயதில் அவள் சரியாகப் போட்டாள், இந்தப் புத்தகம் அவளைத் தப்பு என்றது, அவள் அதோடு விட்டுவிட்டாள் என்று. சொல்லும்போது கண் கலங்கியது. “நானும் தப்புன்னேன்” என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஆலோசகர் அம்மாள் நெகிழ்ந்துபோனார். “ரொம்ப வருத்தமா இருக்குங்க. இந்த மாதிரி குழந்தைகளுக்காகத்தான் நாம கணக்கையெல்லாம் புத்தகத்துலேர்ந்து எடுத்துக்கிட்டே வர்றோம்.”

அன்று மாலை தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “அச்சு நின்னு போச்சு சார். பள்ளிக்கூடம் திறந்தா பிள்ளைங்க கையில புத்தகம் இருக்காது. உங்க ஒரு பிள்ளைக்காக அத்தனை பிள்ளைங்களும் நிக்கணுமா?”

வாத்தியார் களைத்துப்போயிருந்தார். “சரி. அந்தப் பழைய புத்தகத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. அதுல எம் பொண்ணு வரைஞ்ச படம் இருக்கு.”

“முத்திரை விழுந்தா கோப்பு முடியும். கோப்பு முடிஞ்சா இணைப்பு தானா வெளிய வரும். கவலையே படாதீங்க.”

வாத்தியார் குத்தினார். முத்திரை நன்றாகவே விழுந்தது.

கோப்பு முடிந்தது. இணைப்பும் வெளியே வந்தது. ஆனால் நேராகக் கீழ்மாடியில் இருக்கிற காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குப் போனது. வினாவும் விடையும் பொருந்தாத பழைய பிரதி வெளியில் இருந்தால் புதிய பதிப்பின்மேல் சந்தேகம் வரும் என்பதால், பழைய பிரதிகளை அரைத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. வாத்தியார் மூச்சிரைக்க மாடிப்படி இறங்கி ஓடினார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்கிறேன் என்றார். கிழித்தால் பொதுச் சொத்துக்குச் சேதம் என்று இயந்திரக்காரர் விளக்கினார், அரைத்தால் முறையான அப்புறப்படுத்தல். பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். பதினெட்டுக் கம்பமும் தூளாகி ஒரு சாக்கில் விழுந்தது. வாத்தியார் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகையை அடக்கிக்கொண்டார், அறையில் நாலு பேர் இருந்தார்கள்.

அடுத்த மாதம் புதிய புத்தகம் தபாலில் வந்தது. உள்ளே ஒரு சான்றிதழ். ‘பிழையின்மைக்குப் பங்களித்தவர்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த துணியை விரித்துப்போட்டுத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய வளையங்கள். வாத்தியார் புத்தகத்தை ஒளிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவளே எடுத்துக்கொண்டாள்.

“இதானா நீங்க போய்ட்டு வந்த புத்தகம்? அட்டை நல்லா இருக்கே.” பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். வட்டத் தெரு. கம்பத்தின்மேல் குருவி. அவள் உதடு அசைந்தது. பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தாள்.

“பதினேழு” என்றாள். “இப்பச் சரியா வருது. முன்னாடி இந்தத் தெரு நேராத்தானே இருந்துச்சு?”

வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மேஸ்திரியில் ஆரம்பித்துச் சாக்குவரை எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை எதையும் விடவில்லை. “அன்னிக்கு நீ போட்டதுதாம்மா சரி. பதினெட்டு. புத்தகம் தப்பு.”

அவள் துணியின் ஓரத்தை மடித்து நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்பா.”

“எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. கம்பத்தை வரைஞ்சு எண்ணிட்டுத்தானே வந்தேன்? புத்தகத்துல தப்பா அடிச்சிருக்காங்கன்னு நல்லாத் தெரியும்.”

“அப்புறம் ஏம்மா…”

“புத்தகத்துக்கிட்டயாப்பா கேட்டேன்? உங்ககிட்டதானே கேட்டேன்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். “படம் வரைஞ்சு காட்டினேன். நீங்க எண்ணிக்கூடப் பாக்கல.”

சமையலறையில் மனைவி ஏதோ கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வாத்தியார் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார், மடித்தார், மறுபடி மடித்தார். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தார். அப்பாக்கள் மகள்களிடம் அதைச் சொல்லிப் பழகியிருப்பதில்லை.

“விடுங்கப்பா” என்றாள் அவள். “சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க. இந்த ஸ்கிரீனுக்கு வளையம் எண்ணிக் குடுங்க. அகலம் அறுபத்தஞ்சு அங்குலம். அஞ்சு அங்குலத்துக்கு ஒண்ணு. ரெண்டு ஓரத்துலயும் வரணும்.”

வாத்தியார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். வாய்க்குள் எண்ணிக்கொண்டு ஒவ்வொரு வளையமாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். பதின்மூன்றில் கை நின்றது. இன்னொன்றை எடுத்து வரிசையின் தொடக்கத்தில் வைத்தார். பதினான்கையும் அள்ளி அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்ப எண்ணினாள். எண்ணி முடித்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தாள்.